பூவாயியின் ஈறில் குத்திய முள்

ஆனைமடுவில் வாழ்ந்த நீராளன் என்ற முதலைக்கு அந்தக் கதையின் மேல் பல வருஷமாகச் சந்தேகம்.

மடுவைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஓர் ஆள்காட்டிக் குருவி முதலையின் வாய்க்குள் நடந்து போனதாம். ஈறில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டு உயிரோடு வெளியே வந்ததாம். அந்த முதலை நீராளனின் தாய் பூவாயி. குருவி உள்ளே இருக்கும்போது வாய் மூடிவிடாமல் தன் காலைக் கொடுத்தது நீராளனின் தந்தை கல்முதுகர்.

குருவி உள்ளே போனதை நீராளன் நம்பத் தயாராக இருந்தான். தந்தை காலைக் கொடுத்ததைத்தான் நம்ப முடியவில்லை.

அவன் அறிந்த கல்முதுகர் யாருக்கும் எதையும் கொடுத்தவர் அல்ல. தின்று முடித்த மீனின் வாலைக்கூட ஆமைக்கு மிச்சம் வைக்க மாட்டார். வெயில் நேரத்தில் ஒரு தவளை வந்து அவர் நிழலில் உட்கார்ந்தால் நகர்ந்து படுத்துக்கொள்வார். இடது முன்னங்காலில் அவருக்கு இரண்டு விரல்கள் கிடையாது, அது உண்மை. எப்படிப் போயிற்று என்று கேட்டால், பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது என்பார். மறுபடி கேட்டால் வால்தான் பதில் சொல்லும்.

போதாததற்கு, அந்தக் கதையைக் காடெல்லாம் சொல்லித் திரிந்தது மஞ்சக்காலி. அவள்தான் வாய்க்குள் போன குருவி. ஆள்காட்டியின் பேச்சை யார் நம்புவார்கள்? நரி வந்தாலும் கத்துவாள். காய்ந்த இலை விழுந்தாலும் கத்துவாள்.

தாயும் தந்தையும் போய்ச் சேர்ந்தார்கள். நீராளனுக்கும் நடுவயது தாண்டியது. அதுவரை சும்மா கிடந்த சந்தேகம் அந்தக் கோடையில் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணம் இருந்தது.

அவன் மனைவி ஓடையாள் கீழ்க்கரை மணலில் முட்டையிட்டிருந்தாள். குஞ்சு பொரியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய கடைவாய் ஈறு சிவந்து லேசாக வீங்கியது.

முதலை வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. குஞ்சுகள் மணலுக்கு அடியில், முட்டைக்குள் இருந்தபடியே தாயைக் கூப்பிடும். தாய் வந்து மணலைத் தோண்ட வேண்டும். முட்டையை நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே வைத்து மெல்ல உடைக்க வேண்டும். வெளியே வரும் குஞ்சுகளை வாயில் அள்ளித் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் பருந்து மேலே வட்டமிடும். உடும்பு புதரில் வந்து காத்திருக்கும். தாயின் வாய் சரியில்லை என்றால் அந்த வருஷம் அந்த வீட்டில் பிள்ளை இல்லை.

ஆகவே வீட்டுக்கு ஒரு பல் வைத்தியர் வேண்டும். யாரை வைப்பது?

விஷயம் கேள்விப்பட்டு உண்ணிக்கொக்கு ஒருவர் எருமை முதுகில் ஏறி வந்து இறங்கினார். வெள்ளை வெளேர் என்று இருந்தார். பழைய வைத்தியர் வெள்ளையப்பரின் பேரன் என்று சொல்லிக்கொண்டார். கூலி எதுவும் வேண்டாம், பல்லிடுக்கில் ஒட்டியிருக்கும் துணுக்கே தனக்குப் போதும் என்றார்.

நீராளனின் மைத்துனனுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது.

"இலவசமா செய்ய ஆள் வந்திருக்கு. இன்னும் என்ன மச்சான் யோசனை? நல்ல வெயில் விழுற மேல்கரையைக் குருவிக்கு விட்டுட்டு, கீழ்க்கரையில கெடந்து நடுங்குற வம்சம் உலகத்திலேயே உங்க வம்சம்தான்" என்றான்.

அவன் சொன்னதிலும் விஷயம் இருந்தது. மடுவின் மணல்திட்டில் உயரமான பகுதிக்கு மேல்கரை என்று பெயர். காலை வெயில் முதலில் அங்கேதான் விழும். முதலைக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. ஆனால் நீராளன் வீட்டில் யாரும் அங்கே ஏறுவதில்லை. அது கல்முதுகர் போட்ட கட்டளை. ஏன் என்று அவர் சொன்னதில்லை. மஞ்சக்காலியும் அவள் பெண்களும் வருஷா வருஷம் அங்கே முட்டையிட்டார்கள். மேல்கரைதான் தன் வைத்தியத்துக்குக் கூலி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொக்கை வைத்தியராக வைத்துக்கொண்டால் மேல்கரையை எடுத்துக்கொள்ளலாம். மைத்துனன் கணக்கு அது.

நீராளன் யோசித்தான். அவன் சட்டென்று முடிவுக்கு வருகிறவன் அல்ல. வந்த முடிவையும் திருப்பிப் போட்டுப் பார்க்கிறவன். கதை பொய்யென்றால் ஒரு குருவியின் பீற்றலுக்காக இரண்டு தலைமுறை குளிரில் கிடந்ததாக ஆகும். மெய்யென்றால் மேல்கரையில் கால் வைப்பது தாயின் வாயை மிதிப்பதுபோல. எப்படியானாலும், மெய்யா பொய்யா என்று தெரியாத ஒரு கதையை நம்பி ஓடையாளின் வாயை ஒப்படைக்க முடியாது.

ஒருநாள் காலையில் அவன் மேல்கரைக்குக் கீழே போய் நின்றான். மஞ்சக்காலி வழக்கம்போல ஊரைக் கூட்டினாள். கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்தக் கதையை முதலிலிருந்து ஒருமுறை சொல்லும்படி கேட்டான்.

"உங்கம்மா சொல்லலையா?"

"அம்மா சொன்னாங்க அத்தை. கண்ணை மூடிட்டு இருந்தேன், எதையும் பார்க்கலைன்னாங்க. அப்பா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னாரு."

மஞ்சக்காலி சிரித்தாள். வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் மேல் உட்கார்ந்து அவற்றைக் குளிரவைத்தபடியே சொல்லத் தொடங்கினாள்.

அது கடுங்கோடை. தண்ணீர் வற்றி மீன்கள் சேற்றில் ஒதுங்கியிருந்தன. பூவாயி ஒரு கெளுத்தி மீனைப் பிடித்து அவசரமாகக் கடித்தாள். கெளுத்தியின் முள் பொல்லாதது. ஒரு பக்கம் ரம்பம் போல இருக்கும். அது அவள் கடைவாய் ஈறில் ஆழமாக ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பல் விழுந்தால் முளைக்கும், முதலைக்கு என்ன கவலை என்று இருந்தாள். ஈறு வீங்கியபோதுதான் கணவனிடம் சொன்னாள். முட்டைகள் ஏற்கெனவே மணலுக்குள் இருந்தன.

கல்முதுகர் வைத்தியரைத் தேடினார். தேடிய விதம்தான் அவருக்கே உரியது. என் வீட்டார் வாயில் எப்போதும் இறைச்சி இருக்கிறது, வந்து கொத்தித் தின்ன யாருக்கு ஆசை என்று மடுவைச் சுற்றிச் சொல்லி அனுப்பினார். அவர் நினைப்பில் வைத்தியர்தான் நோயாளிக்குக் கடமைப்பட்டவர். நம் வாயிலேயே சோறு போடுகிறோம், அப்புறம் கூலி எதற்கு?

இரண்டு பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் வெள்ளையப்பர். உண்ணிக்கொக்குகளில் பெரிய பெயர் எடுத்தவர். காட்டெருமைகள் எல்லாம் தன்னிடம்தான் வருகின்றன என்றார். எருமையின் காது, எருமையின் முதுகு, எருமையின் வால் என்று தன் அனுபவத்தை அடுக்கினார். எருமையின் வாயைப் பற்றி அவரும் சொல்லவில்லை, கல்முதுகரும் கேட்கவில்லை. பூவாயியின் உதட்டோரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி, முன்பற்களுக்கு நடுவே இருந்த துணுக்குகளைச் சுவைத்துத் தின்றார். பிறகு அலகைத் துடைத்துக்கொண்டார்.

"முத்து மாதிரிப் பல்லு. பயப்பட ஒண்ணுமில்லை" என்றார்.

இரண்டாவதாக வந்தவள் மஞ்சக்காலி. அவள் பக்கத்தில்கூட வரவில்லை. எதிரே ஒரு கல்லின் மேல் நின்று, பூவாயியை வாயைத் திறக்கச் சொன்னாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் காட்டுக்கே கேட்கிறமாதிரி கத்தினாள்.

"உள்ள முள்ளு இருக்கு. சீழ் கட்டியிருக்கு. இப்பவே எடுக்கலைன்னா தாடை பூட்டிக்கும்."

கரையில் இருந்த ஆமைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பூவாயிக்கு வெட்கமாகப் போயிற்று. கல்முதுகருக்குக் கோபம் வந்தது. ஏற்கெனவே அவருக்கு அவளைப் பிடிக்காது. மான் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் கத்தி விரட்டிவிடுகிறவள். இப்போது மனைவியின் வாய் நாறுவதையும் ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

கோபத்தை அடக்கிக்கொண்டு கூலி என்ன என்று கேட்டார்.

மேல்கரை வேண்டும் என்றாள் மஞ்சக்காலி. முட்டையிட்டு, குஞ்சுகள் ஓடத் தொடங்கும்வரை அவர் வீட்டில் யாரும் அங்கே படுக்கக்கூடாது. போன கோடையில் அவர் புரண்டு படுத்தபோது அவர் வால் பட்டு அவளுடைய முட்டைகள் நசுங்கின. அப்போதும் அவள் கத்தினாள். எப்போதும் கத்துகிறவள்தானே என்று அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

இதைக் கேட்டதும் நீராளன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். இந்தப் பகுதியை அவன் இதுவரை கேட்டதில்லை.

கல்முதுகர் அன்று கொஞ்சமும் தயங்கவில்லையாம்.

"எங்க தாத்தா படுத்த கரை அது. ஒரு முள்ளை எடுக்கக் கரையையே எழுதித் தரச் சொல்றியா? வெள்ளையப்பர் கூலி இல்லாமலே பார்க்கிறார். நீ போய் முதல்ல உன் வாயை மூடக் கத்துக்க."

மஞ்சக்காலி பறந்து போய்விட்டாள். மாட்டுக் குளம்பு படும் பாதையோரம் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டாள். அவளுக்கு வேறு இடமில்லை.

வெள்ளையப்பர் தினமும் வந்தார். பூவாயிக்குத் தின்ன முடிந்தவரை அவர் வருகை தவறவில்லை. ஈறு குறுகுறுக்கிறது என்றால், சுத்தமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்பார். தாடை கனக்கிறது என்றால் வெயில் என்பார். எந்த நாளும் அவர் நாக்கைத் தாண்டிக் காலெடுத்து வைக்கவில்லை. பூவாயிக்கும் அவர் பேச்சு இதமாக இருந்தது. கல்முதுகருக்கோ இரட்டை மகிழ்ச்சி. வீட்டுக்கு வைத்தியரும் ஆயிற்று, கரையும் கைவிட்டுப் போகவில்லை.

வலி முற்றியது. பூவாயியால் மீன் பிடிக்க முடியவில்லை. சாப்பிடாத வாயில் துணுக்கு ஏது? வெள்ளையப்பர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். மறுநாள், எருமைகள் கூப்பிடுகின்றன என்று சொல்லியனுப்பினார். அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

அப்போதுதான் கல்முதுகருக்கு ஒன்று புரிந்தது. இலவசம் என்று வந்தவரும் கூலி வாங்கிக்கொண்டுதான் இருந்தார். வைத்தியம்தான் நடக்கவில்லை.

புரிந்தபோது நேரமில்லை. கீழ்க்கரை மணலுக்கு அடியிலிருந்து, 'உம், உம்' என்று சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.

பூவாயி தள்ளாடிக்கொண்டு மணலருகே வந்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். வலி மின்னலாக ஓடியது; தாடை தானாக அறைந்து மூடிக்கொண்டது. கல்முதுகர் ஒரு மரக்கட்டையை எடுத்துவந்து மெதுவாகக் கவ்வச் சொன்னார். கட்டை தூள்தூளாகப் போயிற்று.

"நான் தோண்ட மாட்டேன்" என்றாள் பூவாயி. "பருந்து தூக்கிட்டுப் போனா விதின்னு இருப்பேன். என் பிள்ளையை நானே கடிச்சுட்டா எங்கே போய் அழுவேன்?"

நீங்கள் தூக்குங்கள் என்றும் சொல்லிப் பார்த்தாள். கல்முதுகர் தன் வாயைத் திறந்தார், மூடினார். அந்த வாய் பிறந்ததிலிருந்து எதையும் மெல்லப் பிடித்ததில்லை. அது அவருக்கே தெரியும்.

மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. கொஞ்ச நேரத்தில் அது இரண்டானது.

கல்முதுகர் தண்ணீரை விட்டு ஏறி, பாதையோரத்துக்கு நடந்தார். அவ்வளவு தூரம் அவர் கரையில் நடந்ததை யாரும் பார்த்ததில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மஞ்சக்காலி அவரைப் பார்த்ததும் எழுந்து கத்தினாள். அவர் எட்டவே நின்றுகொண்டார். முட்டைகள் எங்கே என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

"கரை முழுசையும் எடுத்துக்க, தங்கச்சி. மேல்கரை, கீழ்க்கரை எல்லாம். வந்து முள்ளை எடுத்துடு."

மஞ்சக்காலி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"முழுசும் எனக்கு எதுக்கு அண்ணே? அன்னிக்கு மேல்கரை கேட்டேன். இன்னிக்கும் அதுதான்."

தன் இணையை முட்டைகளின் மேல் உட்கார வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். போகும்போதே, உங்கள் மனைவி தலைப்பக்கம் நின்று பேசிக்கொண்டே இருங்கள், அது போதும் என்று அவரிடம் சொல்லி வைத்தாள்.

பூவாயியின் முகத்துக்கு நேராக வந்து நின்று அவள் கண்ணைப் பார்த்தாள்.

"மதினி, நான் உள்ள வரப்போறேன். முள்ளை இழுக்கும்போது வலிக்கும். வலிக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரே இழுப்புதான்."

"என் வாய் மூடிக்கிட்டா?"

"மூடத்தான் பார்க்கும். அது உன் தப்பு இல்லை. நான் வேகமா வந்துடுவேன்."

பூவாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மஞ்சக்காலி நாக்கின் மேல் நடந்து போனாள். அடுப்புக்குள் நடப்பதுபோல் இருந்தது. நாற்றம் மூக்கை அடைத்தது. கடைசிப் பற்களுக்குப் பின்னால் ஈறு கருத்து உப்பியிருந்தது. அதன் நடுவே முள்ளின் நுனி தெரிந்தது. நேராக இழுத்தால் ரம்பப்பக்கம் சதையைக் கிழிக்கும். ஆகவே அலகால் ஈறை ஒதுக்கி, சீழை வழிய விட்டாள். முள்ளைப் பக்கவாட்டில் அசைத்துத் தளர்த்தினாள். வெளியே கல்முதுகர் எதையோ பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் மடுவில் இருக்கும் மீன்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். விரால், கெண்டை, அயிரை, மறுபடி விரால்.

அவள் முள்ளைக் கவ்வி இழுத்தாள்.

முள் வந்துவிட்டது. அதே நொடியில் மேல்தாடை இறங்கியது. அவளைச் சுற்றி இருட்டானது. முடிந்தது என்று நினைத்தாள். தன் முட்டைகளை நினைத்தாள்.

ஆனால் முழுதாக இருட்டவில்லை. ஒரு பக்கம் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. அவள் அந்தக் கீற்றை நோக்கி ஓடி, நுழைந்து, முள்ளோடு வெளியே விழுந்தாள். எழுந்து திரும்பிப் பார்த்தாள். பூவாயியின் பற்களுக்கு நடுவே கல்முதுகரின் இடது முன்னங்கால் இருந்தது. அவர் சத்தமே போடவில்லை. மீன்களின் பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்தியிருந்தார்.

மஞ்சக்காலி பேச்சை நிறுத்தினாள். எழுந்து முட்டைகளை அலகால் திருப்பி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

நீராளன் கேட்க நினைத்ததை அங்கேதான் கேட்டான். பல வருஷமாக அவனுக்குள் இருந்த சந்தேகத்தின் வேர் அதுதான்.

"காலை வைக்கச் சொல்லி நீங்க கேட்டீங்களா, அத்தை?"

"நான் கேட்டா அவர் கொடுத்திருப்பாரா? உங்கப்பா கேட்டு எதைக் கொடுத்திருக்கார்?"

நீராளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சக்காலியும் சிரித்தாள். அவன் அறிந்த கல்முதுகர் முதல்முறையாக அந்தக் கதைக்குள் வந்து சரியாகப் பொருந்தி உட்கார்ந்தார்.

மீதியை அவள் சுருக்கமாகச் சொன்னாள். முள் போனதும் பூவாயியின் தாடை தளர்ந்தது. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு மணலைத் தோண்டினாள். பருந்துகள் தாழ இறங்கியபோதெல்லாம் மஞ்சக்காலி கத்திக்கொண்டே மேலே பாய்ந்தாள். கல்முதுகர் மூன்று கால்களில் நின்று உடும்பை விரட்டினார். பூவாயி குஞ்சுகளை அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டாள். கடைசியாக அள்ளியவற்றில் வால் வளைந்த ஒரு குஞ்சு இருந்தது. அது நீராளன்.

எல்லாம் முடிந்தபின் கல்முதுகர் காலைத் தண்ணீரில் அலசினார். இரண்டு விரல்கள் இல்லை. அந்தக் காலை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சக்காலியிடம் இரண்டே வார்த்தை பேசினார்.

"இதைக் கூலியில கழிச்சுடாதே. மேல்கரை உன்னோடதுதான்."

போகும்போது திரும்பி, இதை யாரிடமும் சொல்லாதே என்றார். அவளால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவருக்கே தெரியும். அவள் சொன்னாள். காடு முழுக்கச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

நீராளனுக்குச் சின்ன வயது ஞாபகங்கள் வந்தன. அப்போது அவற்றுக்கு அர்த்தம் தெரியவில்லை.

குளிர்காலக் காலைகளில் தந்தை கீழ்க்கரையின் ஈரமணலில் படுத்திருப்பார். வெயில் வந்து சேர வெகுநேரம் ஆகும். உடம்பு விறைத்துப்போய் அசைய முடியாமல் கிடப்பார். பத்தடி தூரத்தில் மேல்கரையில் வெயில் கொட்டும். முட்டைக்காலம் முடிந்து குருவிகள் போன பின்பும் அவர் அங்கே ஏறமாட்டார். வீம்புக்காரக் கிழவர் என்று நீராளன் நினைத்திருந்தான். ஒருமுறை விளையாட்டாக மேல்கரையில் ஏறியபோது அவர் வாலால் அடித்த அடி இன்னும் முதுகில் தழும்பாக இருக்கிறது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சில காலைகளில் தந்தை மேல்கரைக்குக் கீழே போய், வாயை ஆவென்று திறந்துகொண்டு அசையாமல் கிடப்பார். கொட்டாவி விடுகிறார் என்று பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு சிறு குருவி அவர் பற்களுக்கு நடுவே நடந்து போய்வந்ததை யாரும் பெரிதாக எண்ணவில்லை. அவருக்கு அப்போது எந்த வலியும் இல்லை.

அவர் இறந்தபோது ஒரு பல்லுக்கும் குறை இல்லை. தாய்க்கும் அப்படித்தான். அதன்பின் எத்தனை கோடைகளில் குஞ்சுகளை அவள் அதே வாயால் சுமந்தாள்!

தந்தை கொடுத்த கூலியைத் தான் பொய்யென்று நினைத்ததும், அதற்காக மஞ்சக்காலி ஒருநாளும் முகம் சுளிக்காததும் நீராளனின் மனதைப் பிசைந்தன. தன் உயிர் இரண்டு பேரால் வந்தது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தான். மூன்று பேர் என்று இன்றுதான் தெரிந்தது.

கொக்குக்கு என்ன பதில் சொல்வது என்பதில் இப்போது குழப்பம் இல்லை. நாளைக் காலையில் ஓடையாளை அழைத்து வருவதாக அவன் மஞ்சக்காலியிடம் சொன்னான். சிவப்புதானே, வீக்கம் முற்றவில்லையே, சீக்கிரம் சொன்னது நல்லதாயிற்று என்றாள் அவள். மேல்கரையைப் பற்றி மைத்துனன் பேசியதை அவன் அவளிடம் சொல்லவில்லை. மைத்துனனிடம் சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

நன்றி சொல்ல வாயெடுத்தான். விரால், கெண்டை என்று மீன் பேச்சுதான் வந்தது. அந்த விஷயத்தில் அவனும் கல்முதுகரின் பிள்ளைதான்.

வலிக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு உள்ளே காலடி எடுத்து வைக்கிறவரே குடும்பத்துக்கு ஏற்ற பல் வைத்தியர். அவர் கேட்கும் நியாயமான கூலியை மிச்சம் பிடிக்கிறவர்கள் பின்னால் அதைவிடப் பெரியதைக் கொடுக்க வேண்டிவரும்.

நீராளன் திரும்பிப் போகவில்லை. மேல்கரையின் எல்லைக்கு ஒரு முழம் கீழே, தந்தை கிடந்த அதே இடத்தில், தாடையை மணலில் வைத்துப் படுத்தான்.

"அத்தை, எனக்கு இப்ப வலி ஒண்ணும் இல்லை. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடுறீங்களா?"